விசிலுக்கு நகரும் கார்

அந்தக் காரை ஓட்ட மூன்று பேர் வேண்டும். ஸ்டியரிங் பிடிக்க மாப்பிள்ளை. வண்டி நின்றதும் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுக்க அவன் மனைவி. பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி விசில் அடிக்க மாமனார். மூவரில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றைக்கு வண்டிக்கும் காய்ச்சல்தான். இதில் வெட்கப்பட ஏதாவது இருப்பதாக அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை. ஊரில் ஆளுக்கு ஒரு கார் வைத்திருக்கிறார்கள். இவர்கள் ஒரு காருக்கு மூன்று ஆள் வைத்திருந்தார்கள், அவ்வளவே.

மாமனார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், விசிலுக்கு இல்லை. அது சட்டைப் பையிலேயே இருக்கும். சட்டை துவைக்கப் போனால் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொள்வார். ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் போ. பொடிப்பொடியாக விட்டுவிட்டு அடித்தால் பின்னால் வா. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன பேச்சு வேண்டிக் கிடக்கிறது என்பது அவர் கட்சி. வாயைத் திறந்தால் பெரும்பாலும் வருவது "மாப்ள" என்ற ஒரே சொல். அதைத் தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி கூப்பிடுவார். கேட்டுக் கேட்டுத் தெருவில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். பால்காரருக்கு மாப்பிள்ளை, எதிர்வீட்டு வாத்தியாருக்கும் மாப்பிள்ளை. பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் உயிரோடு இருந்தது.

மாப்பிள்ளைக்குத் தொழில் படங்களுக்கு ஃபிரேம் போடுவது. எதைக் கண்டாலும் மனசுக்குள் நாலு பக்கமும் அளவெடுத்துவிடுகிற ஆள். மனைவி கை அழுக்காகக் கூடாது என்று அந்தச் செங்கல்லுக்குக்கூட ஃபிரேம் கடை வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தான். மெரூன் நிறம்.

காருக்கு இந்தக் கதி வந்ததற்கும் அவன்தான் காரணம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய குடும்பப் படத்தைக் காரில் ஏற்றப் போய், அதன் மூலை பின்பக்கக் கண்ணாடியைப் பொத்துக்கொண்டு வெளியே போனது. படத்துக்கு ஒரு கீறல் இல்லை. புதுக் கண்ணாடி வாங்கும்வரை இருக்கட்டும் என்று, படங்களின் முதுகில் வைத்து அடிக்கிற ஹார்ட்போர்டை வெட்டி அந்த இடத்தில் பொருத்தினான். தொழில் சுத்தம், ஒரு சொட்டு மழை உள்ளே வராது. ஆனால் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற உலகமும் வராது. ஹார்ட்போர்டைப் பார்ப்பதற்கு எதற்குக் கண்ணாடி என்று, உள்ளே மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியை மாமனார் கழற்றி முகச்சவரத்துக்கு எடுத்துக்கொண்டார். வெளிக் கண்ணாடிகள் இரண்டும் சந்துத் திருப்பத்தில் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. அன்றிலிருந்து பின் சீட்டும் விசிலும் மாமனாருக்கு. அவர் அந்த வேலையை வாங்கிக்கொண்ட அழகைப் பார்த்தால் ஓய்வு பெற்றவர் மாதிரியே தெரியாது. பதவி உயர்வு கிடைத்தவர் மாதிரி இருந்தார்.

மாப்பிள்ளை தனியாக அந்தக் காரை எடுத்ததே இல்லை. கடை கூப்பிடு தூரம், நடந்துவிடுவான். கார் என்றால் மூவரும்தான்.

இப்படித் தேர் மாதிரி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் மனைவிக்கு நல்ல வேலை கிடைத்துத் தொலைத்தது. அவள் நர்ஸ். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை. ஷிப்ட் முடிகிற நேரத்துக்குக் கடைசி பஸ் போய்விடும். கார் இருக்கிறதே என்றால், அதன் தகுதிச் சான்று அந்த மாதத்தோடு காலாவதி. மலையடிவாரத்தில் செக்போஸ்ட். சான்று இல்லாமல் அங்கே ஒரு ஈயைக்கூட மேலே விட மாட்டார்கள்.

சாப்பாட்டு மேஜையில் அவள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"ரெண்டே வழிதான். வண்டி டெஸ்ட்ல பாஸாச்சுன்னா தினமும் சாயங்காலம் வந்து என்னைக் கூட்டிட்டு வந்துருங்க. ஆகலைன்னா அங்கேயே ஹாஸ்டல்ல ரூம் தர்றாங்க. ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போறேன்."

"ஞாயித்துக்கிழமை மட்டுமா?" என்றான் மாப்பிள்ளை.

"ஞாயித்துக்கிழமை மட்டும். இன்னொண்ணும் சொல்லிட்றேன். சேமிப்புல கை வைக்கக் கூடாது. கடனும் கூடாது. என்ன இருக்கோ அதுல செய்ங்க."

மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியைப் பிரிந்து இருக்க அவனுக்குப் பிடிக்காது. அதைச் சொல்ல அவன் வெட்கப்பட்டதும் இல்லை. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எதிரே உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தது. அந்த வீட்டில் பேச்சு என்பது மனைவிதான். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பெரிய மனிதர் கதை, டாக்டரின் செருப்பு காணாமல் போன கதை என்று அவள் சொல்ல, ஆண்கள் இருவரும் கேட்பார்கள். ஒருமுறை அவள் பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் நடந்த உரையாடல் இது:

"மழை வருமா?"

"தெரியல மாமா."

அவ்வளவுதான். மழையும் வரவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தத்தைத் தாங்க முடியாமல் மாமனார் அதன் பேட்டரியை எடுத்து ஒளித்துவைத்ததை மாப்பிள்ளை பார்த்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை. அப்படி ஒரு வாரத்தையே தாங்க முடியவில்லை. இனி வாராவாரம் என்றால் ஒருவர் பைத்தியமாகிவிடுவார், யார் என்பதுதான் கேள்வி.

மறுநாள் காலையிலேயே மூவருமாகக் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். அந்த மெக்கானிக்குக்கு ஊரில் 'பாத்துக்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதையே சொல்வார். நல்ல வேலைக்காரர்தான். எப்போது பார்த்துக்கொள்வார் என்பதை மட்டும் அவரைப் படைத்தவன்கூடச் சொல்ல முடியாது.

"பிரேக் சரியா பிடிக்க மாட்டேங்குது."

"பாத்துக்கலாம்."

"ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலா செங்கல்."

மெக்கானிக் வெல்வெட் செங்கல்லைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "பாத்துக்கலாம்."

"ஹார்ன் செத்துப் போச்சு. அப்புறம் அடியில ஒரு ஓட்டை."

மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஊர்ந்து போனார். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து, காலடியில் கிடந்த மிதியடியை விலக்கினான். ஓட்டை வழியாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல்முறையாக மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து கையைத் துடைத்தபடி, "உன்கிட்ட எவ்வளவு இருக்கு மாப்ள?" என்றார்.

"காசா?"

"பின்ன என்ன, கண்ணீரா?"

"காசு ரொம்பக் கம்மிண்ணே. ஃபிரேம்தான் இருக்கு."

மெக்கானிக் யோசித்தார். ஷெட்டின் சுவரைப் பார்த்தார். கிரீஸ் படிந்த சுவரில் அவருடைய அப்பா அம்மா கல்யாணப் படம் வெறும் ஆணியில் சுருண்டு தொங்கியது. "இதுக்கு ஒண்ணு போட்டுத் தர்றியா? அந்தப் பூ வேலை செஞ்ச தங்கக் கலர்ல?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கல்யாணப் படத்துக்குப் பிரேக். தொழில் பழகிய இடத்தில் எடுத்த குரூப் போட்டோவுக்கு ஹேண்ட் பிரேக். மகள் நீச்சலில் வாங்கிய சான்றிதழுக்கு விளக்குகளும் வெளிக் கண்ணாடிகளும். தங்கச் சட்டங்கள் ஏற ஏற ஷெட்டுக்கு ஒரு களை வந்துவிட்டது. மெக்கானிக்குக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஃபிரேம் போடப் படம் தீர்ந்துபோனதும் போன வருஷக் காலண்டரைக் கொண்டுவந்தார். அதுவும் தீர்ந்ததும், தொழிலுக்கு வந்த புதிதில் வாங்கிய ஸ்பேனரைப் பச்சை வெல்வெட்டில் வைத்துக் கண்ணாடி போட்டுத் தரச் சொன்னார். பதிலுக்கு, யாரும் கேட்காத ஒரு கதவுப் பிடியைச் சரிசெய்து கொடுத்தார். உள்ளங்கை அரித்தால் மற்றவர்கள் காசு தேடுவார்கள். இந்த மனிதர் ஃபிரேம் தேடினார்.

பொருள்கள் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தன. பிரேக் கட்டைகளை மட்டும் மனைவி பிடிவாதமாகப் புதிதாக வாங்கச் சொன்னாள். கையிருப்பு அதோடு காலி. அடியிலிருந்த ஓட்டையை மூட ஒரு தகரப் பலகை கிடைத்தது. ஏதோ ஒரு பல் டாக்டரின் பழைய போர்டு அது. வெட்டிப் பற்றவைத்தபோது எழுத்துப் பக்கம் கீழே போய்விட்டது. ஹார்ன் ஒரு குச்சி ஐஸ் வண்டியினுடையது; அமுக்கினால் வாத்தின் வாலை மிதித்த மாதிரி கத்தும். சத்தம் வருகிறதா இல்லையா, அதுதானே கேள்வி என்றார் மெக்கானிக்.

பின்பக்கக் கண்ணாடிதான் தண்ணி காட்டியது. கிடைத்தது வேறொரு காரின் கண்ணாடி, எல்லாப் பக்கமும் நாலு விரல் சிறிது. கார்க் கண்ணாடியை வெட்டி ஒட்ட முடியாது, தொட்டால் பொடிப்பொடியாகிவிடும். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். மாப்பிள்ளையின் கண்ணில் ஒளி வந்தது. படம் சிறியது, சட்டம் பெரியது என்றால் என்ன செய்வது என்று அவனுக்கா தெரியாது? சுற்றிலும் தகரத்தால் ஒரு பட்டை கட்டி, ரப்பர் வைத்து இறுக்கி, விளிம்பில் மழைத்தண்ணீர் இறங்காமல் மெழுகி, கண்ணாடியை நடுவில் உட்காரவைத்தான். இழுத்துப் பார்த்தார்கள், குத்திப் பார்த்தார்கள், அசையவில்லை. கடையில் மிச்சமிருந்த பெயிண்ட் தங்கக் கலர் ஒன்றுதான். அடித்துவிட்டான். பின்னாலிருந்து பார்த்தால் காருக்கே படம் போட்டு மாட்டியது போல இருந்தது.

கழற்றிய ஹார்ட்போர்டு சுவரோரம் சாய்ந்து நின்றது. அதன் எதிரில் மாமனார் நின்றார்.

"இந்தப் பலகையை என்ன பண்ணப் போறீங்க மாப்ள?"

"தூக்கிப் போட்டுட வேண்டியதுதான் மாமா. இனிமே எதுக்கு?"

"ம்."

சாயங்காலம் அந்த ஹார்ட்போர்டு மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, தலைமாட்டில் நின்றது. மாப்பிள்ளைக்கு ஏன் என்று விளங்கவில்லை. சொல்லப்போனால் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் கண்ணாடி பொருத்திய பெருமையில் இருந்த மனிதனுக்கு எதிரில் இருப்பது எங்கே தெரியும்?

அடுத்து உள்ளே மாட்டுகிற சின்னக் கண்ணாடி வேண்டும். மாமனாரிடம் கேட்டான்.

"மாமா, ஷேவ் பண்ற கண்ணாடி கொஞ்சம் குடுங்களேன். அது வண்டியோடதுதானே."

மாமனார் முகத்தில் பாதி நுரையோடு நின்றார். "குடுக்கறதுக்கு இல்ல."

"பின்னாடி வர்ற வண்டி தெரியணுமில்ல?"

"கண்ணாடிய நம்பாதீங்க மாப்ள. அது இடத்த வலமாக் காட்டும், வலத்த இடமாக் காட்டும். பொய் சொல்றதுதான் அதோட பொழப்பு." இதைச் சொல்லிவிட்டு அதே கண்ணாடியைப் பார்த்து மீசையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டார்.

மாப்பிள்ளை கடையிலேயே ஒரு துண்டுக் கண்ணாடி வெட்டி, முனை மழுக்கி, பூ வேலை செய்த தங்கச் சட்டம் போட்டு மாட்டினான். காருக்குள் அது கல்யாணப் பெண்ணின் நகைப்பெட்டியிலிருந்து தவறி விழுந்தது போலத் தொங்கியது.

அன்றிலிருந்து மாமனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். பேசுவது நின்றுவிட்டது.

"அப்பாவுக்கு என்னாச்சு?" என்றாள் மனைவி.

"பேச மாட்டேங்கறார்."

"எப்பவும் பேச மாட்டாரே."

"அது வேற. இப்ப வேற மாதிரி பேச மாட்டேங்கறார். 'மாப்ள'ன்னுகூடக் கூப்பிடறதில்ல. நேத்து 'ஏங்க'ன்னு கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு."

சோதனை நாள் காலையில் மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எல்லோரும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, "நான் பஸ்ல வரேன்" என்றார். பின் சீட்டில் அவருடைய இடம் காலியாகவே போயிற்று. வழியில் ஏதாவது கழன்றால் தான்தானே மாட்ட வேண்டும் என்று மெக்கானிக்கே வண்டியை ஓட்டிவந்தார். பழுது பார்த்த பிறகு வெள்ளோட்டம் விட்டதும் அவரேதான். அதனால், எதிலும் பழுதில்லாத அந்தக் காரை மாப்பிள்ளை அதுவரை ஒரு அடிகூட ஓட்டியிருக்கவில்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

சோதனை மைதானத்தில் லாரிகளும் பஸ்களும் கார்களும் இஷ்டத்துக்கு முட்டிக்கொண்டு நின்றன. இவர்களுக்கு வாய்த்த ஆபீசரின் இடது கன்னம் போண்டா மாதிரி வீங்கியிருந்தது. பல்வலி. பேசினால் வலிக்கும் என்பதால் ஒவ்வொரு சொல்லையும் எண்ணித்தான் செலவழித்தார்.

"மெக்கானிக், மத்தவங்க எல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம். வண்டிக்காரர் மட்டும் உள்ள."

மனைவியும் மெக்கானிக்கும் கம்பி வேலிக்குப் பின்னால் போனார்கள். பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த மாமனார் அங்கே முன்பே நின்றுகொண்டிருந்தார், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத தோரணையில்.

ஆபீசர் விளக்குகளைப் பார்த்தார், எரிந்தன. ஹார்ன் அடிக்கச் சொன்னார். வாத்து கத்தியது. ஒரு கணம் வாத்தைத் தேடிவிட்டு, தலையை ஆட்டினார். பின்பக்கத் தங்கச் சட்டத்தை விரலால் தட்டினார், பிடித்து உலுக்கினார், அசையவில்லை. வண்டிக்கு அடியில் சோதனைக்காக வெட்டியிருந்த பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்தார்.

"சொத்தைப் பல்லுக்கு வலியில்லாத வைத்தியம்," என்று பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

"சார்?"

"இங்க எழுதியிருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "இந்த டாக்டர் எங்க இருக்கார்?"

"தெரியாது சார். போர்டு மட்டும்தான் கிடைச்சுது."

ஆபீசர் பெருமூச்சோடு ஏறிவந்தார். "அடித்தளம் கெட்டியா இருக்கு. எல்லாம் சரி. ஓட்டிப் பாத்துரலாம்." இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். "எடுங்க."

மாப்பிள்ளை சாவியைத் திருப்பினான். என்ஜின் பூனைக்குட்டி மாதிரி முனகியது. கியர் விழுந்தது. ஹேண்ட் பிரேக் இறங்கியது. இனி கிளட்சிலிருந்து காலை எடுக்க வேண்டியதுதான். கால் வரவில்லை.

"எடுங்க."

"எடுக்கறேன் சார்." எடுக்கவில்லை.

"ஏதாவது பழுதா?"

"வண்டில ஒண்ணுமில்ல சார்."

"பின்ன?"

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "விசில் வரல சார்."

ஆபீசர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒன்றுவிடாமல் சொன்னான். ஹார்ட்போர்டு, மாமனார், ஒரு விசில், இரண்டு விசில், இத்தனை வருஷமாக அந்தச் சத்தம் கேட்காமல் கால் அசைந்ததே இல்லை என்பது வரை. பழக்கம் பொல்லாதது. மூளை போ என்றது. கால் மாமனாருக்குக் காத்திருந்தது.

"இந்தப் பாருங்க, வரிசையில எத்தனை வண்டி நிக்குது. ஓட்ட முடியலைன்னா ஃபெயில் போட்டுட்டு அடுத்த வண்டிக்குப் போறேன்."

ஃபெயில் என்றதும் மாப்பிள்ளையின் கண்முன் சாப்பாட்டு மேஜை வந்தது. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் மாமனார், நடுவில் ஒரு குழம்புக் கிண்ணம். சனிக்கிழமை வரை. தானே விசில் அடித்துக்கொண்டால் என்ன என்று உதட்டைக் குவித்தான். உதடு உலர்ந்து கிடந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

"என் மேல ஊதாதீங்க," என்றார் ஆபீசர்.

போக்கிடம் இல்லாமல் அவன் கண் மேலே போனது. பூ வேலை செய்த அந்தச் சின்னக் கண்ணாடியில் பின்பக்கக் கண்ணாடி தெரிந்தது. அதன் தங்கச் சட்டத்துக்குள், கம்பி வேலியைப் பிடித்தபடி மாமனார் தெரிந்தார். எத்தனையோ பேர் முகத்துக்கு ஃபிரேம் போட்டவன் மாப்பிள்ளை. ஒரு முகத்தையும் இப்படிப் பார்த்ததில்லை. கோபமான முகம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தானே, அது கோபமே இல்லை. வேலை போன மனிதனின் முகம். பலகையோடு சேர்த்துத் தன்னையும் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டார்கள் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

கண்ணாடியில் மனைவி மாமனாரின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்வது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று பிறகு அவளே சொன்னாள்.

"அப்பா, விசில் அடிங்க."

"எதுக்கு? அதான் கண்ணாடி மாட்டியாச்சே. நான் இப்ப உப்புக்குச் சப்பாணி."

"சரி, அடிக்க வேணாம். நான் ஹாஸ்டலுக்குப் போயிட்றேன். இனிமே தினமும் சாப்பாட்டுக்கு நீங்களும் அவரும் மட்டும் எதிரெதிரா உக்காந்துக்கங்க."

மாமனாரின் முகத்தில் அந்தச் சாப்பாட்டு மேஜை வந்து போனதைக் கண்ணாடியிலேயே பார்க்க முடிந்தது. கை சட்டைப் பைக்குப் போனது.

இரண்டு விசில். அதுபோல ஒரு விசிலை அந்த மைதானம் கேட்டிருக்காது. மாப்பிள்ளையின் கால் தானாக எழுந்தது. கார் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

பக்கத்து வரிசையில் ஒரு பஸ் நின்றிருந்தது. அதன் டிரைவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் இன்னொரு ஆபீசர் நின்று முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விசில் காதில் விழுந்ததும் டிரைவர் கண்ணைத் திறக்காமலே கியரைப் போட்டார். பஸ் கிளம்பிவிட்டது. படிக்கட்டில் நின்ற ஆபீசர் ஒரு கையில் கம்பியும் மறுகையில் பஞ்சுமாக மைதானத்தைச் சுற்றக் கிளம்பினார். அதற்குப் பின்னால் நின்ற பஸ்ஸும், போகச் சொல்கிறார்கள்போல என்று நகர்ந்தது.

மாமனார் நிலைமையைப் பார்த்தார். ஒரே விசில், நீளமாக. கார் நின்றது. பஸ்கள் நின்றன. மைதானமே நின்றது. தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர்கூடக் காலை ஊன்றி நின்றார்.

ஆபீசர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வலியையும் பொருட்படுத்தாமல் கத்தினார். "இனிமே யாராவது விசில் அடிச்சா இந்த வண்டி ஃபெயில்." உள்ளே திரும்பி, "பிரேக் நல்லா பிடிக்குது. கடைசியா ரிவர்ஸ். அந்த ரெண்டு டிரம்முக்கு நடுவுல விடணும். விசில் இல்லாம."

மாப்பிள்ளை ரிவர்ஸ் கியரைப் போட்டான். கால் மறுபடி ஆணி அடித்தது போல நின்றது. முடிந்தது கதை என்று கண்ணாடியைப் பார்த்தான்.

சட்டத்துக்குள் மாமனார் விசிலைப் பைக்குள் போட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், ஒன்றுமில்லை என்று. பிறகு, கண்ணாடியில் அவன் கண் தன்மேல் இருப்பது தெரிந்ததோ என்னவோ, மெதுவாகத் தலையை இரண்டு முறை ஆட்டினார்.

இரண்டு.

கால் எழுந்தது. மாமனாரின் விரல்கள் இடுப்புயரத்தில் பொடிப்பொடியாக அசைந்தன, வரலாம், வரலாம். கொஞ்சம் இந்தப் பக்கம் என்று புருவம் காட்டியது. கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும் என்று அவருக்குத் தெரியாதா, அதைக் கணக்குப் பண்ணித்தான் காட்டினார். உள்ளங்கை உயர்ந்தது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தான். இரு பக்கமும் டிரம்முக்கும் காருக்கும் நடுவில் ஒரே அளவு இடம், ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி. ஆபீசர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தார். பின்னால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"பாருங்க, விசில் இல்லாமலே ஓட்ட வந்துருச்சு," என்று சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை." அவரும் மாப்பிள்ளை என்றுவிட்டார்.

வெளியே வந்ததும் ஆபீசர் மெக்கானிக்கை ஓரமாகக் கூப்பிட்டு அந்தப் பல் டாக்டரை எப்படியாவது கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். மெக்கானிக் என்ன சொன்னார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மனைவி வேலைக்குச் சேர்ந்த திங்கட்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையும் மாமனாரும் மலையேறினார்கள். செக்போஸ்ட்டில் சான்றைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மனைவி காத்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றி, காலை வெல்வெட் செங்கல்லின் மேல் தூக்கிவைத்துக்கொண்டாள். அதை யாரும் எறியவில்லை.

"வழி முழுக்க ரெண்டு பேரும் என்ன பேசிட்டு வந்தீங்க?"

"நெறய," என்றான் மாப்பிள்ளை.

பின் சீட்டில் மாமனார் ஆமாம் என்று தலையாட்டினார். மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணாடியில் கலைந்த தலையைச் சரிசெய்யலாம் என்று மாப்பிள்ளையின் பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் தெரியவில்லை. அவளுடைய அப்பாவின் முகம்தான் சட்டம் நிறையத் தெரிந்தது, மீசை நுனிவரை.

"என்னங்க இது, இப்படித் திருப்பி வெச்சிருக்கீங்க? இதுல ரோடே தெரியலையே."

"ரோடு எதுக்கு?" என்றான் மாப்பிள்ளை. "அதத்தான் மாமா பாத்துக்கறாரே. எனக்கு மாமா தெரிஞ்சா போதும்."

மாமனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் ஒருமுறை நன்றாகப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசல் என்பதால் மெதுவாகத்தான், ஆனால் முழுசாக, இரண்டு விசில் அடித்தார். கார் வீட்டுக்குக் கிளம்பியது.